இரண்டடி பின்னால்!

ஒரு முத்தத்துக்காக ஆறு வருஷம் இரண்டரை மாதம் காத்திருக்க முடியுமா? முடியும் என்று நிரூபித்தார்கள் அமெரிக்க டி.வி. ரசிகர்கள். காத்திருந்தது கோடிக்கணக்கான பேர். முத்தமிட வேண்டிய இருவருமோ, 'எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை' என்கிற மாதிரி டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பாழடைந்த பங்களாக்களில் பூதம் தேடிக்கொண்டிருந்தார்கள்!

தொடரின் பெயர் 'தி எக்ஸ் ஃபைல்ஸ்'. ஃபாக்ஸ் டி.வி.யில் முதல் எபிசோடு வந்த தேதி, 1993 செப்டம்பர் 10. ஏஜெண்ட் மல்டரும் ஏஜெண்ட் ஸ்கல்லியும் ஒழுங்காக முத்தமிட்டுக்கொண்ட தேதி, 1999 நவம்பர் 28. (நடுவில் 1939-ம் வருஷத்துக்குப் போய்விட்டதாக வரும் ஒரு கதையில் மல்டர் ஒரு முத்தம் கொடுத்தார். ஆனால், அது அந்தக் காலத்து 'வேறொரு' ஸ்கல்லிக்கு. கணக்கில் சேராது!)

பறக்கும் தட்டு, அரசாங்க சதி, வேற்றுக்கிரகவாசி என்று ஓடிய அந்தத் தொடரை உண்மையில் ஓட்டியது எது? வேற்றுக்கிரகமும் இல்லை, சதியும் இல்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான். அந்த இடைவெளிக்கு ஒரு சரித்திரம் உண்டு. திரைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

சர்ஃபிங் பத்திரிகை ஒன்றில் எடிட்டராக இருந்த கிறிஸ் கார்ட்டர் என்ற கலிஃபோர்னியாக்காரர்தான் தொடரை உருவாக்கியவர். அவர் செய்த முதல் காரியமே தலைகீழ் வேலை. பொதுவாகக் கதைகளில் என்ன வரும்? பெண் பேயை நம்புவாள், பயப்படுவாள். ஆண் 'அதெல்லாம் சும்மா' என்பான். கார்ட்டர் அதை அப்படியே திருப்பிப் போட்டார். வேற்றுக்கிரகவாசிகள் தன் தங்கையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாக நம்புகிற, உணர்ச்சிவசப்படுகிற பேர்வழி மல்டர். ஆதாரம் எங்கே, பரிசோதனை முடிவு எங்கே என்று கேட்கிற டாக்டர், ஸ்கல்லி. 'இந்த ஆள் என்ன பண்றான்னு பார்த்து ரிப்போர்ட் எழுது' என்று எஃப்.பி.ஐ. அவரை அனுப்புகிறது. அதாவது உளவு பார்க்க வந்தவர்!

ஸ்கல்லியாக யாரைப் போடுவது என்பதில் ஆரம்பித்தது தகராறு. சேனல்காரர்கள் மனதில் இருந்தது வேறு மாதிரி பெண். பளிச்சென்று, உயரமாக, கவர்ச்சியாக. கார்ட்டர் கூட்டிக்கொண்டு வந்ததோ ஜில்லியன் ஆண்டர்சன் என்ற, யாருக்கும் தெரியாத 24 வயதுப் பெண். உயரம் கம்மி, முகத்தில் ஏக சீரியஸ். 1991-ல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' படத்தில் ஜோடி ஃபாஸ்டர் செய்த எஃப்.பி.ஐ. பயிற்சி ஏஜெண்ட் பாத்திரம் கார்ட்டர் மனதில் பதிந்திருந்தது. 'இந்தப் பெண்தான்' என்று பிடிவாதமாக நின்று ஜெயித்தார்.

அடுத்த தகராறு, காதல். ஸ்கல்லிக்கு ஒரு பாய் ஃபிரெண்ட் இருக்கட்டுமே என்று அவன் வருகிற காட்சிகளை ஷூட்டிங்கே செய்துவிட்டார்கள். முதல் எபிசோடு ஒளிபரப்பானபோது அந்த ஆசாமியைக் காணோம். எடிட்டிங்கில் வெட்டியாகிவிட்டது! பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிற அந்த இருவர் பக்கத்தில், மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை.

அதே முதல் எபிசோடில் இன்னொரு காட்சி. ராத்திரி, மின்சாரம் இல்லை. தன் முதுகில் ஏதோ தடிப்பு இருப்பதைப் பார்த்துப் பயந்துபோன ஸ்கல்லி, மல்டரின் அறைக்கு ஓடுகிறார். அங்கியைக் கழற்றி, 'இது என்னன்னு பாருங்க' என்கிறார். மெழுகுவத்தி வெளிச்சம், மழை, தனி அறை... வேறு தொடராக இருந்தால் கேமரா ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். இங்கே மல்டர் குனிந்து பார்க்கிறார். கொசுக்கடி! அவ்வளவுதான். பிறகு விடிய விடிய தன் தங்கை காணாமல் போன கதையைச் சொல்கிறார். ஸ்கல்லி கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நம்பிக்கை பிறந்த ராத்திரி அது. 'இந்த உறவு வேற மாதிரி' என்று ரசிகர்களுக்குப் புரிந்தது அங்கேதான்.

இருவரும் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு முறை ஸ்கல்லி தயங்கித் தயங்கி 'ஃபாக்ஸ்' என்று அவருடைய முதல் பெயரைச் சொல்ல, மல்டர் சிரித்தே விட்டார். பெற்றோரையே 'மல்டர்' என்று கூப்பிட வைத்த ஆளாம் அவர்!

சரி, ஏன் இத்தனை தயக்கம்? காதலிப்பதாகக் காட்டினால் என்ன குடி முழுகிப்போகும்?

முழுகிப்போகும் என்று ஹாலிவுட் நம்பியது. காரணம், 'மூன்லைட்டிங்' என்ற பழைய தொடர். 1985-ல் ஏ.பி.சி. சேனலில் ஆரம்பித்தது. சிபில் ஷெப்பர்டும் புரூஸ் வில்லிஸும் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே துப்பறிவார்கள். சேருவார்களா, மாட்டார்களா என்று நாடே பேசியது. 1987 மார்ச்சில் சேர்த்துவைத்தார்கள். அதற்குப் பிறகு ரேட்டிங் சரிந்தது. 1989-ல் தொடர் மூடுவிழா. அன்றிலிருந்து டி.வி. உலகில் அது ஒரு சாபமாகவே பேசப்பட்டது: 'ஜோடியைச் சேர்த்தே... செத்தே!'

ஆனால், கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. ஷெப்பர்ட் அந்த வருஷம் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார். சேர்ந்த ஜோடியை ஒரே ஃப்ரேமில் காட்டவே வழியில்லாமல் போனது. வில்லிஸுக்கு 'டை ஹார்ட்' படம் வந்து பெரிய ஸ்டாராகிவிட்டார். 1988-ல் எழுத்தாளர்கள் ஸ்டிரைக். தொடரை உருவாக்கிய கிளென் கார்டன் கேரனும் வெளியேறிவிட்டார். இத்தனை ஓட்டை விழுந்த கப்பல் மூழ்கியதற்கு ஒரு முத்தத்தைக் குற்றம் சொன்னார்கள்! தப்பான பாடம்தான். ஆனால், பணம் போடுகிறவர்களுக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தது. காதலைத் தள்ளிப்போடுவதற்குச் செலவு கிடையாது. தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் வரவு.

கார்ட்டர் இந்த சரக்கை ஒரு தேர்ந்த வியாபாரி மாதிரி கையாண்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கடையில் வைப்பார். ஒரு கை பிடித்தல், ஆஸ்பத்திரியில் ஒரு பார்வை, நெற்றியில் ஒரு முத்தம். 1998-ல் வந்த சினிமாவில், இதோ இதோ என்று உதடுகள் நெருங்கி வரும்போது ஸ்கல்லியைத் தேனீ கொட்டிவிட்டது! தியேட்டரில் ரசிகர்கள் எப்படிக் கத்தியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 'சேர்த்து வை' கட்சிக்கு 'ஷிப்பர்' என்று பெயர். உறவு என்பதற்கான 'ரிலேஷன்ஷிப்' என்ற சொல்லின் வாலைப் பிடித்து உண்டாக்கியது. 'வேண்டவே வேண்டாம், அவர்கள் நண்பர்களாகவே இருக்கட்டும்' என்ற கட்சிக்கு 'நோரோமோ'. இன்று எந்தத் தொடரின், எந்தப் படத்தின் ஜோடியைப் பற்றிப் பேசினாலும் இளைஞர்கள் 'ஷிப்' பண்ணுகிறேன் என்கிறார்களே... அந்த வார்த்தை பிரபலமானது இந்தச் சண்டையில்தான். ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது.

இனி, திரைக்குப் பின்னால்.

முதல் சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆண்டர்சன் கர்ப்பமானார். புதுத் தொடர், ரேட்டிங் ஒன்றும் பிரமாதமில்லை, கதாநாயகி கர்ப்பம். ஆளை மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. கார்ட்டர் இரண்டாம் முறையும் அவருக்காக நின்றார். நீளமான கோட், பெரிய மேஜை, தோளுக்கு மேலே மட்டும் ஷாட் என்று வயிற்றை மறைத்தார்கள். மறைக்க முடியாத கட்டம் வந்ததும் ஸ்கல்லியை 'கடத்தி' விட்டார்கள்! 1994 செப்டம்பர் 25-ம் தேதி குழந்தை பிறந்தது. சிசேரியன். பத்தே நாளில் ஆண்டர்சன் செட்டுக்குத் திரும்பி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் படுத்திருக்கும் காட்சியில் நடித்தார். பாவம், நடிக்கவே வேண்டியிருந்திருக்காது!

இந்தக் கடத்தல்தான் தொடரின் முதுகெலும்பாக ஆனது. ஸ்கல்லியின் கழுத்தில் கண்டெடுத்த சில்லு, பிறகு வந்த கேன்சர், குழந்தை பெற முடியாத நிலைமை, அவரைக் காப்பாற்ற மல்டர் அலைந்த அலைச்சல்... எல்லாம் அதிலிருந்து முளைத்தவை. 1997 ஜனவரி 26-ம் தேதி, சூப்பர் பவுல் ஃபுட்பால் மேட்ச் முடிந்த கையோடு ஒளிபரப்பான எபிசோடை சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர் பார்த்தார்கள். ஸ்கல்லியின் கேன்சருக்கு முதல் அறிகுறி காட்டப்பட்டது அதில்தான். தொடரின் சரித்திரத்தில் அதுதான் உச்சம்.

இன்னொரு பெரிய கடத்தல் 2000-ல் நடந்தது. இந்த முறை மல்டர். அதற்கும் பூலோகக் காரணம் உண்டு. தொடரை மறு ஒளிபரப்புக்கு ஃபாக்ஸ் தன் சொந்த கம்பெனிகளுக்கே குறைந்த விலைக்கு விற்றதால் தன் லாபப் பங்கு போய்விட்டது என்று டேவிட் டுகோவ்னி 1999-ல் கோர்ட்டுக்குப் போனார். மறு வருஷம் சமரசம். ஆனால், அடுத்த சீசனில் பாதிக்குத்தான் வருவேன் என்றுவிட்டார். ஆக, வேற்றுக்கிரகவாசிகள் செய்த இரண்டு மகா கடத்தல்களில் ஒன்று பிரசவ லீவு, இன்னொன்று காண்ட்ராக்ட் தகராறு!

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டுகோவ்னி லாபத்தில் பங்குக்காக வழக்குப் போட்டார். ஆண்டர்சனோ, ஆரம்ப வருஷங்களில் சம்பளத்துக்கே போராடிக்கொண்டிருந்தார். அவருக்குத் தரப்பட்டது டுகோவ்னியை விட ரொம்பக் குறைவு. சமச் சம்பளம் வாங்க சுமார் மூன்று வருஷம் சண்டை போட வேண்டியிருந்தது. அது மட்டுமல்ல. ஆரம்ப காலத்தில், காட்சியில் இருவரும் நடந்து போகும்போது ஆண்டர்சன், டுகோவ்னிக்குச் சமமாக வரக்கூடாது; சில அடி பின்னால்தான் நிற்க வேண்டும் என்று எழுதாத சட்டம் இருந்ததாம். 2016-ல் ஆண்டர்சனே சொன்னது.

1997-ல் டி.வி. உலகின் பெரிய விருதான எம்மியைச் சிறந்த நடிகைக்காக வாங்கியவர் இவர். டுகோவ்னிக்கு இந்தத் தொடருக்காக எம்மி கிடைக்கவே இல்லை. இருந்தும் பின்னாளில் தொடரை மறுபடி எடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, ஆண்டர்சனிடம் முதலில் சொல்லப்பட்ட தொகை, டுகோவ்னிக்குச் சொன்னதில் பாதி! இருபது வருஷத்துக்கு முன் ஜெயித்த சண்டையை மறுபடி முதலிலிருந்து போட்டார். மறுபடி ஜெயித்தார். அதை வெளியில் சொல்லவும் செய்தார்.

காமர்ஸ் படித்தவர்கள் முதல் வருஷத்திலேயே ஒரு பாடம் படித்திருப்பார்கள். பார்ட்னர்ஷிப் கம்பெனியில் ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், லாபம் பார்ட்னர்களுக்குச் சமமாகப் பிரியும். யார் கடையைத் திறந்தது, யார் கல்லாவில் உட்கார்ந்தது என்ற கேள்வியே கிடையாது. எக்ஸ் ஃபைல்ஸ் விற்றதும் அப்படி ஒரு பார்ட்னர்ஷிப் சரக்கைத்தான். 'இருவருக்கும் நடுவில் இருக்கிற ஏதோ ஒன்று' என்பதை ஒரே ஆள் நின்றுகொண்டு விற்க முடியாது! நம்புகிறவன் சுவாரஸ்யமாக இருப்பதற்கு நம்பாதவள் தேவை. அவள் அவனுக்கு இளைத்தவளாக இருந்தால் அந்த இழுவிசையே பிறக்காது. கதையில் இருவரும் சமம் என்பதுதான் முதலீடு. அந்த முதலீட்டில் சரிபாதி போட்டவருக்கு அரைப் பங்கு என்றால், கணக்கு எழுதியவருக்கு வியாபாரமே புரியவில்லை என்று அர்த்தம்.

முத்தத்துக்கு வருவோம். 2000-ம் ஆண்டு பிறக்கும் நள்ளிரவு. ஆஸ்பத்திரி டி.வி.யில் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் கொண்டாட்டம். மல்டர் குனிந்து முத்தமிடுகிறார். சில விநாடிகள்தான். அதற்கப்புறம், உலகம் ஒன்றும் அழிந்துவிடவில்லையே என்கிற தோரணையில் ஒரு கமெண்ட். மில்லினியப் பீதிக்காகச் சொன்னதா, மூன்லைட்டிங் சாபத்துக்காகச் சொன்னதா... இரண்டுக்கும் பொருந்தியது!

சுமார் நாலரை மாதம் கழித்து, 2000 ஏப்ரலில் ஓர் எபிசோடு. ஆரம்பக் காட்சியில் ஸ்கல்லி கண்ணாடி முன் நின்று உடுத்திக்கொள்கிறார். பின்னால் படுக்கையில் தூங்கிக்கொண்டிருப்பது மல்டர். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. 'சேர்ந்துவிட்டார்களா' என்ற கேள்விக்கு அதுதான் பதில். அந்த எபிசோடை எழுதியவர், இயக்கியவர் இருவரும் ஒருவரே. சாட்சாத் ஜில்லியன் ஆண்டர்சன்! 2017-ல் அவர் ஒரு கணக்கைப் பொதுவில் போட்டார். அதுவரை வந்த இருநூற்றுச் சொச்சம் எபிசோடுகளில் பெண்கள் இயக்கியவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று அவருடையதுதான். அடுத்த வருஷம் வந்த 11-வது சீசனில் இரண்டு பெண் இயக்குநர்கள் சேர்க்கப்பட்டார்கள். அந்த சீசனோடு, போதும் என்று ஸ்கல்லிக்கு விடை கொடுத்தார் ஆண்டர்சன்.

அதே 2018-ல் அமெரிக்காவின் ஜீனா டேவிஸ் இன்ஸ்டிடியூட் ஓர் ஆய்வை வெளியிட்டது. அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 63 சதவிகிதம் பேர், ஸ்கல்லிதான் எங்களுக்கு முன்மாதிரி என்று சொல்லியிருந்தார்கள். ஸ்கல்லி இருந்தால், 'அவங்க சொன்னா ஆச்சா? ஆதாரம்?' என்று கேட்டிருப்பார். நியாயம்தான். ஒரு டி.வி. பாத்திரத்தைப் பார்த்து எத்தனை பேர் உண்மையிலேயே பரிசோதனைக்கூடத்துக்குப் போனார்கள் என்று அளக்க முடியாது.

ஆனால், ஒன்று நிச்சயம். வாராவாரம் வீட்டில் உட்கார்ந்து பார்த்த அந்தப் பெண் குழந்தைகள், ஸ்கல்லி சில அடி தள்ளி நிற்பதைக் கவனிக்கவே இல்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், கையில் டார்ச்சோடு இருட்டுக்குள் நடந்து போகிற இரண்டு பேர். அந்த இடைவெளி கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தேவைப்பட்டது!