சமூக மூலிகைத் தோட்டம்

சமூக மூலிகைத் தோட்டம் என்பது பூங்கா, தெருவோரம், பள்ளி வளாகம், கோயில் நந்தவனம் முதலிய பொது இடங்களில் அப்பகுதி மக்கள் கூடி மருத்துவச் செடிகளையும் நறுமணச் செடிகளையும் நட்டுப் பேணும் தோட்டம் ஆகும். மருந்துக்கு மூலப்பொருள் தருவதைவிட, செடிகளைப் பிழையின்றி அடையாளம் காணப் பழக்குவதே இதன் முதன்மைப் பயன் ஆகும்.

தென்சென்னைப் புறநகர்

தாம்பரம், வண்டலூர், நன்மங்கலம் ஆகியவை ஏரிகளும் குன்றுகளும் புதர்க்காடுகளும் கொண்ட பகுதிகள். குடியிருப்புகள் பெருகியதால் மூலிகைகள் தாமாக வளர்ந்த தரிசுகளும் ஏரிக்கரைகளும் சுருங்கின. இதனால் பொது இடங்களில் அவற்றை நட்டு வளர்க்கும் தேவை எழுந்தது.

தாம்பரம் சானடோரியத்தில் 2005 செப்டம்பர் 3 அன்று திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் வளாகத்தில் மூலிகைத் தோட்டம் உள்ளது. இந்நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கியுள்ளது. செங்கல்பட்டு மாவட்டம் தண்டரையில் 1986-இல் தொடங்கப்பட்ட இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம், இருளர்களின் மூலிகை அறிவைக் கொண்டு நாற்றங்கால் அமைத்தது.

நிலம்

தமிழக மனை விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலம் திறந்தவெளியாக உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். புறநகர்ப் பூங்காக்கள் பல இத்தகைய நிலங்களில் அமைந்தவை. வேலியும் பராமரிப்பும் இல்லாத இடங்கள் ஆக்கிரமிப்புக்கோ குப்பைக்கோ இரையாவதுண்டு. மக்கள் நாள்தோறும் நீர் ஊற்றும் தோட்டம் அந்நிலத்திற்கும் காவலாகிறது.

ஏற்ற செடிகள்

* ஆடாதோடை, நொச்சி: கால்நடைகள் பெரும்பாலும் மேய்வதில்லை, உயிர்வேலிக்கு ஏற்றவை.
* துளசி, திருநீற்றுப்பச்சிலை, கற்பூரவல்லி: நறுமணம் உடையவை, விதை அல்லது தண்டு மூலம் எளிதில் பெருகும்.
* வெட்டிவேர்: மண் அரிப்பைத் தடுக்கும்.
* வல்லாரை: ஈரமும் நிழலும் வேண்டும்.
* சோற்றுக்கற்றாழை, பிரண்டை: வறட்சி தாங்கும்.

வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கும் தாழ்ந்த பகுதிகளில் மேட்டுப்பாத்தி அவசியம். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் மூழ்கின.

பாதுகாப்பு

கீழாநெல்லியை ஒத்த வேறு செடிகளும் அதனுடன் கலந்து முளைக்கின்றன. அழகுக்காக நடப்படும் அரளி நச்சுச் செடியாகும். ஆகவே ஒவ்வொரு செடிக்கும் தமிழ்ப் பெயரும் தாவரவியல் பெயரும் கொண்ட பலகை தேவை.

சாலையோர மண்ணில் ஈயம் முதலிய உலோகங்கள் சேர்ந்திருக்கலாம்; அவற்றை ஈர்க்கும் செடிகளுள் வல்லாரையும் ஒன்று. பூச்சிக்கொல்லியும் கொசுமருந்துப் புகையும் இலைகளில் படியும். உலக சுகாதார அமைப்பு 2003-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மாசுபட்ட மண்ணில் மூலிகை வளர்ப்பதைத் தவிர்க்க அறிவுறுத்துகின்றன.

மேலும், தனி மூலிகையும் மருந்தும் ஒன்றல்ல. டெங்கு பரவிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பரவலாக வழங்கப்பட்ட நிலவேம்புக் குடிநீர், நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு, மிளகு உள்ளிட்ட ஒன்பது சரக்குகளால் ஆனது. பூங்காவில் பறித்த இலையை மருத்துவரைக் கேளாமல் நோய்க்கு உட்கொள்வது தீங்காகலாம்.

இவற்றையும் பார்க்க

* சித்த மருத்துவம்
* நந்தவனம்
* நன்மங்கலம் காப்புக்காடு