ஒரே நாளில் 144 குழி

கோல்ஃப்னா பணக்காரங்க காலாற நடக்கிற விளையாட்டு, அதுல என்ன பெரிய களைப்புன்னு நினைக்கிறவரா நீங்க? நானும் அப்படித்தான் இருந்தேன், ஸ்மித் ஃபெரிபீ கதையைப் படிக்கிற வரைக்கும்.

வருஷம் 1938. அமெரிக்காவில் பொருளாதார மந்தம் இன்னும் தீரவில்லை. ஃபெரிபீ, சிகாகோவில் பங்குத் தரகர். ஃப்ரெட் டூர்க் என்ற நண்பரோடு கூட்டாக வர்ஜீனியாவில் நிலம் வைத்திருந்தார். அந்த நிலத்து மேலேயே ஒரு பந்தயம்: ஒரே நாளில் 144 குழி ஆடி முடித்தால், நண்பரின் பங்கும் இவருக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு சுற்றுக்கு 18 குழி. 144-ன்னா எட்டுச் சுற்று. சாதாரணமா ஒரு சுற்றுக்கு நாலு மணி நேரம் ஆகும். அந்த வேகத்தில் போனா 32 மணி நேரம் வேணும், நாளுக்கோ 24 தான்! நடை மட்டுமே ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டும். ஆகஸ்டில், ஒலிம்பியா ஃபீல்ட்ஸ் மைதானத்தில், மனுஷன் முடிச்சுக் காட்டினார்.

அத்தோட விட்டாரா? செப்டம்பரில் அடுத்த பந்தயம். லாஸ் ஏஞ்சல்ஸ் முதல் நியூயார்க் வரை எட்டு நகரம், நாலு நாள், 600 குழி. ஊருக்கு ஊர் விமானப் பயணம். அதாவது, நாளுக்குச் சராசரி 150! கடைசிக் குழிகளை இருட்டில் வெளிச்சம் போட்டு முடித்தார்.

முதல் தடவை நிலத்து ஆசைன்னு வெச்சுக்கலாம். ரெண்டாவது? ஆகஸ்டில் எல்லையா இருந்த 144, செப்டம்பரில் அவருக்கு ஒருநாள் கூலியா ஆயிடுச்சு. எனக்கு என்னமோ, அவர் ஜெயிச்சதில் பெரிசு அதுதான்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?