கரை கடந்த ஆணை: தமிழகக் கடலோரக் காவலும் கலங்களும்

முன்னுரை

கடலுக்குச் சட்டம் இயற்றுதல் எளிது. அதனைக் கடல்மேல் நிலைநாட்டுதல் அரிது. சட்டம் செல்லுமிடத்திற்குக் காவலர் செல்லக் கலம் வேண்டும். தமிழகத்தில் அரசாணை கரையைக் கடந்து நீர்ப்பரப்பை அடைந்த வரலாற்றையும், காவல்துறைக்குக் கலங்கள் எந்நோக்கில் வழங்கப்பட்டன என்பதையும் ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

கரையில் நின்ற ஆணை

காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் பண்டங்களின்மீது புலிப்பொறி இட்டுக் காத்தமையைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அங்கு வேந்தனின் ஆணை துறையிலேயே நிற்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1908ஆம் ஆண்டு இந்தியத் துறைமுகங்கள் சட்டமும் துறைமுகங்களையும் அவற்றை அடையும் நீர்வழிகளையும் பற்றியதே. அவற்றுக்கு அப்பால், எவர் எங்கு வலை வீசுவது என்பதைப் பெரும்பாலும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளே முறைப்படுத்தின.

1983ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப் பின் விசைப்படகுகள் பெருகின. கரையோரம் வந்த இழுவலைகள் கட்டுமர மீனவரின் வலைகளை அறுத்தன, மீன்வளத்தையும் அரித்தன. 1970களின் பிற்பகுதியில் இரு தரப்பினர்க்குமிடையே மோதல்கள் மூண்டன. இதன் விளைவாகவே 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 5.5 கி.மீ. வரையுள்ள பரப்பு விசைப்படகுகளுக்கு விலக்கப்பட்டது. இச்சட்டத்தைச் செயற்படுத்தும் பொறுப்பு மீன்வளத்துறையைச் சார்ந்தது. ஆனால் கடலில் இவ்வெல்லையைக் காட்டும் கல்லோ வேலியோ இல்லை. மீறிய படகை மீறிய இடத்திலேயே கண்டு, அதன் பதிவெண்ணையும் தொலைவையும் உறுதிசெய்தால்தான் வழக்கு நிற்கும். கலமின்றி இது இயலாது.

காவல் கலங்கள்

காவல்துறை கடலில் இறங்கியதற்குக் காரணம் வேறு. பாக் நீரிணை வழியே நிகழ்ந்த ஊடுருவலையும் கடத்தலையும் தடுக்கவே 1994இல் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் நிறுவப்பட்டது. நடுவணரசு 2005இல் கடலோரப் பாதுகாப்புத் திட்டத்திற்கு இசைவளித்தது. அதன் முதற்கட்டத்தில் நாடு முழுமைக்கும் 204 படகுகள் வழங்கப்பட்டன. தமிழகத்திற்கு 12 காவல்நிலையங்களும், 12 டன், 5 டன் எடையுள்ள 24 படகுகளும் ஒதுக்கப்பட்டன. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நிகழ்ந்தபின் இப்பணி விரைவுபெற்றது. நாடு முழுமைக்கும் 60 படகுத்துறைகள் அமைக்கும் ஏற்பாடு, 2011இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்திலேயே இடம்பெற்றது. கலம் முன்னே வந்தது; அதைக் கட்டும் துறை பின்னே வந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. தேர்ந்த மாலுமிகளும் எரிபொருளும் பராமரிப்பும் இன்றிப் படகுகள் முடங்கியமையைப் பல கடலோர மாநிலங்களின் தணிக்கை அறிக்கைகள் சுட்டியுள்ளன.

முடிவுரை

கலங்கள் நாட்டின் பாதுகாப்பு நோக்கில் வந்தன. கட்டுமர மீனவரின் வாழ்வுரிமை காக்கும் சட்டமோ நெடுங்காலம் போதிய கலமின்றிக் கரையிலேயே நின்றது. மீன்வளத்துறையில் காவலரைக் கொண்ட அமலாக்கப் பிரிவு அண்மை ஆண்டுகளில்தான் உருவாயிற்று. அயலவர் ஊடுருவலைத் தடுப்பது போலவே, கரையோரப் பரப்பில் ஓர் எளிய மீனவரின் வலை அறுபடாமல் காப்பதும் கடற்காவலின் கடமையே. படகுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அக்காவலை அளத்தல் பொருந்தாது. எச்சட்டத்திற்காக எத்தனை நாள் அவை கடலில் இயங்கின என்பதே உரிய அளவுகோலாகும்.