புளோரன்ஸிலிருந்து ரோம் வரை: பென்னெல் தம்பதியரின் இத்தாலியப் பயணம் (1884)

எலிசபெத் ராபின்ஸ் பென்னெல் (1855–1936), ஜோசப் பென்னெல் (1857–1926) என்னும் அமெரிக்கத் தம்பதியர் 1884-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் புளோரன்ஸ் நகரிலிருந்து ரோம் நகருக்குப் பயணம் செய்தனர். ரயில் வசதி இருந்தும், இருவர் அமர்ந்து மிதிக்கும் மூன்று சக்கர வண்டியில் அவர்கள் சென்றனர். அப்போது அவர்களுக்குத் திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மனைவி எழுத, கணவர் படம் வரைய, இப்பயணம் 1886-இல் நூலாக வெளிவந்தது. ‘இரு யாத்திரிகரின் பயணம்’ என்பது அதன் தலைப்பின் பொருள். தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்று அறியப்படும் ஜான் பன்யனின் சமய நூலின் பெயரை விளையாட்டாகத் திருப்பி வைத்த தலைப்பு அது. பன்யனின் யாத்திரிகன் வானுலக நகரைத் தேடிப் போனான். இவர்கள் தேடிப் போனது ரோம் நகரை.

பழைய நகரங்களைப் பார்த்து, அந்தந்த ஊர்ச் சாப்பாட்டை ருசித்து, மெதுவாக இத்தாலியைச் சுற்றிவரும் பயணம் இன்று உலகெங்கும் பலர் விரும்பும் விடுமுறையாக உள்ளது. 1884-இல் அப்படி ஒரு வழக்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பயணிகள் ஓவியங்களுக்காகவும் இடிபாடுகளுக்காகவும் வந்தனர். சாப்பாட்டைப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டனர். எலிசபெத் பிற்காலத்தில் லண்டன் செய்தித்தாளில் உணவைப் பற்றியே தொடர்ந்து எழுதிப் பெயர் பெற்றவர். ஆகவே இப்பயணம் சைக்கிள் வரலாற்றோடு உணவு எழுத்தின் வரலாற்றுக்கும் உரியதாகிறது.

பயணத்துக்கு முன்

இருவருமே பிலடெல்பியா நகரில் பிறந்தவர்கள். எலிசபெத் கன்னியர் மடப் பள்ளியில் படித்தார். நாட்டுப்புறவியல் அறிஞரும் எழுத்தாளருமான அவருடைய மாமா சார்லஸ் காட்ஃப்ரி லேலண்ட்தான் அவரை எழுத்துப் பணிக்குத் தூண்டினார். ஜோசப் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்துப் படம் எடுக்கும் ‘எட்சிங்’ கலையில் தேர்ந்தவர். பழைய பிலடெல்பியாவைப் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காக இருவரும் சேர்ந்து வேலை செய்தனர். அந்தப் பழக்கமே திருமணத்தில் முடிந்தது. 1884-இல் எலிசபெத் எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. பெண் உரிமைக்கு முதற்குரல் கொடுத்தவர்களில் ஒருவரைப் பற்றிய நூல் அது. அதே ஆண்டு ஜூன் மாதம் திருமணம் நடந்தது.

ஜோசப்புக்கு இத்தாலி புதிதல்ல. நாவலாசிரியர் வில்லியம் டீன் ஹவல்ஸ் டஸ்கனி மாநில நகரங்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளுக்குப் படம் வரைய 1883-இல் அவர் அங்கே சென்றிருந்தார். திருமணத்துக்குப் பிறகு தம்பதியர் இங்கிலாந்து சென்று, லண்டனிலிருந்து கேன்டர்பரி வரை மூன்று சக்கர வண்டியில் போய்ப் பார்த்தனர். அதைப் பற்றிய சிறு நூலை ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனுக்குக் காணிக்கையாக்கினர். அதன்பின் வண்டியை இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள்.

வண்டி

அன்றைய சைக்கிள் என்பது முன்சக்கரம் ஆள் உயரமும் பின்சக்கரம் மிகச் சிறிதுமாக இருந்த ஒன்று. அதில் ஏறுவதே ஒரு வித்தை. விழுந்தால் தலைகுப்புற விழவேண்டும். கணுக்கால் வரை பாவாடை அணிந்த பெண் அதில் ஏற வழியே இல்லை. ஆகவே பெண்களும், வயதில் மூத்தவர்களும், மரியாதை பார்த்தவர்களும் மூன்று சக்கர வண்டியை நாடினர். இரு சக்கரமும் ஒரே அளவாக, சங்கிலியால் இயங்கும் இன்றைய சைக்கிளின் முன்னோடியான ‘ரோவர்’ 1885-இல்தான் வந்தது. டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888-இல் வந்தது. பென்னெல் தம்பதியரின் வண்டிக்கு இருந்தது கெட்டியான ரப்பர் டயர். சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்குத் தெரிந்திருக்கும்.

இத்தாலியக் கிராமங்களில் இந்த வண்டியே புதுமை. அதில் ஒரு பெண் உட்கார்ந்து மிதித்து வந்தது பெரும் புதுமை.

வழியும் ஊர்களும்

ஆர்னோ ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே எம்போலி, அங்கிருந்து தெற்கே போஜ்ஜிபோன்சி, பிறகு சியெனா என்று பாதை போயிற்று. சியெனா ஒரு காலத்தில் புளோரன்ஸுக்குப் போட்டியாக நின்ற குடியரசு. 1348-இல் பரவிய கொள்ளைநோய் அந்நகரின் முதுகை முறித்தது. விரிவாக்கத் தொடங்கிய தேவாலயத்தின் வெறுஞ்சுவர் இன்றும் பாதியில் நிற்கிறது. அங்குள்ள நகர மன்றத்தில் அம்ப்ரோஜோ லொரன்செத்தி 1338–39-இல் தீட்டிய ‘நல்லாட்சி, தீயாட்சி’ சுவரோவியங்கள் உள்ளன. நல்லாட்சி நடக்கும் நாட்டில் கழுதைகள் தானிய மூட்டையோடு நகரத்துக்கு வருகின்றன. ஒருவன் பன்றியை ஓட்டி வருகிறான். வயலில் அறுவடை நடக்கிறது. நகரமும் அதைச் சுற்றிய கிராமங்களும் உணவால் கட்டுண்டவை என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன ஓவியம் அக்காலத்தில் வேறு உண்டா என்பது சந்தேகம். சியெனாவின் தனி இனிப்பு ‘பன்ஃபோர்த்தே’. பாதாம், தேன், பழத்தோல், மிளகு முதலிய வாசனைப் பொருள்களைச் சேர்த்துச் செய்யும் கெட்டியான பணியாரம் இது. கீழை நாடுகளின் மிளகும் கிராம்பும் இத்தாலிய வணிகர் கைக்கு வந்த காலத்தின் மிச்சம் என்று இதைக் கருதலாம்.

சியெனாவிலிருந்து பெருஞ்சாலையை விட்டு விலகி, அரித்துப்போன களிமண் குன்றுகளுக்கு நடுவே உள்ள மொன்டே ஒலிவேத்தோ மடத்துக்குப் போனார்கள். 1313-இல் தோன்றிய மடம் அது. இத்தாலி ஒரே நாடான பிறகு, 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தால் துறவியர் மடங்கள் கலைக்கப்பட்டன. இதுபோன்ற சில இடங்கள் தேசியச் சின்னங்களாக மட்டும் காக்கப்பட்டன. பெரிய கட்டடம், சில துறவிகள், வந்துபோகும் பயணிகள் என்பதே 1884-இல் அதன் நிலை. அங்குள்ள முற்றத்தின் நான்கு சுவர்களிலும் புனித பெனடிக்டின் வாழ்க்கையை லூக்கா சிஞ்ஞொரெல்லியும் அவருக்குப் பின் சொதோமாவும் வரைந்துள்ளனர். சிஞ்ஞொரெல்லியின் ஓவியம் ஒன்றில் இரு துறவிகள் விதியை மீறி வெளியே ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பணிப்பெண்கள் பரிமாறுகிறார்கள், ஒரு துறவி கோப்பையும் கையுமாக இருக்கிறார். குற்றத்தைக் காட்ட வரைந்த படம்தான். ஆனால் பார்ப்பவருக்குப் பசி எடுக்கும்.

அடுத்து மொன்டெபுல்ச்சானோ. குன்றின் உச்சியில் உள்ள அவ்வூரின் சிவப்பு ஒயினைத் தம் கவிதையில் ஒயின்களுக்கெல்லாம் அரசன் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே போற்றியவர் மருத்துவரும் அறிவியலாளருமான பிரான்செஸ்கோ ரெடி. பயணம் இங்கே சற்றுத் தடைப்பட்டது. பிறகு கியானா பள்ளத்தாக்கைக் கடந்து, சிஞ்ஞொரெல்லி பிறந்த கொர்த்தோனா. மடத்தின் சுவரில் பார்த்த ஓவியரை அவருடைய ஊரிலேயே தேடிக் காண்பது தனி இன்பம். அங்கிருந்து பெருஜியா செல்லும் வழியில் ஒரு பகுதியை ரயிலில் கடந்தனர். மலை ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிச் சலித்தவர்களை யாரும் குறைசொல்ல முடியாது. அசிசி, கவிஞர் வெர்ஜில் பாடிய கிளித்தும்னோ ஆற்றின் ஊற்று, தெர்னி என்று பாதை தெற்கே இறங்கியது. தெர்னியின் அருவி இயற்கையானது அல்ல. கி.மு. 271-இல் ரோமானியர் தேங்கிய நீரை வடிக்க வாய்க்கால் வெட்டி உண்டாக்கியது. அந்த நீர்வளத்தை நம்பி அங்கே பெரிய எஃகு ஆலை நிறுவனம் தொடங்கப்பட்டதும் இதே 1884-இல்தான். கடைசிக் கட்டம், ஒரு காலத்தில் வழிப்பறிக்குப் பெயர்போன மலைப்பகுதி. அதன்பின் மலேரியாவுக்கு அஞ்சி மக்கள் அதிகம் குடியிராத ‘கம்பாஞ்ஞா’ சமவெளி. அதைக் கடந்தால் ரோம்.

சாப்பாடு

அன்றைய சிற்றூர் விடுதிகளில் உணவுப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. அன்று அடுப்பில் எது இருந்ததோ அதுவே விருந்து. பருப்போ காய்கறியோ பாஸ்தாவோ போட்ட ‘மினெஸ்ட்ரா’ என்னும் கஞ்சி, வேகவைத்த இறைச்சி, ரொட்டி, பாலாடைக்கட்டி, வைக்கோல் பின்னிய குடுவையில் அவ்வூர் ஒயின் ஆகியவையே பொதுவான உணவு. ‘இத்தாலியச் சமையல்’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லத்தக்க ஒன்று அப்போது உருவாகவில்லை. சியெனாவின் சமையல் வேறு, பெருஜியாவின் சமையல் வேறு. நாடு ஒன்றானதே 1861-இல். ரோம் சேர்ந்தது 1870-இல். எல்லாப் பகுதிகளின் சமையலையும் நடுத்தர வீடுகளுக்காக ஓரளவு தொகுத்துச் சொன்ன பெல்லெக்ரினோ ஆர்த்தூசியின் நூல் 1891-இல்தான் புளோரன்ஸில் வெளிவந்தது. பதிப்பாளர் கிடைக்காமல் தம் செலவிலேயே அவர் அதை அச்சிட்டார். பென்னெல் தம்பதியர் வண்டியை மிதித்த நாட்களில் அவர் அதே புளோரன்ஸில் வசித்துவந்தார் என்பது ஒரு சுவையான தற்செயல்.

டஸ்கனியிலும் உம்பிரியாவிலும் ரொட்டியில் உப்பு இருக்காது. புதிதாக வருபவருக்கு வாயில் வைத்ததும் ஏமாற்றமாக இருக்கும். பெருஜியாவில் இதற்குச் சொல்லப்படும் கதை 1540-ஐச் சேர்ந்தது. திருத்தந்தை மூன்றாம் பவுல் உப்பின் விலையை ஏற்ற, நகரத்தார் எதிர்த்துப் போரிட்டுத் தோற்றனர். நகரின் ஒரு பகுதியை இடித்து அதன்மேல் திருத்தந்தை கோட்டை கட்டினார். அன்றுமுதல் மக்கள் உப்பில்லா ரொட்டி செய்தனர் என்பது கதை. போரும் கோட்டையும் வரலாறு. ரொட்டி பற்றிய பகுதி ஊர்வழக்கு. டஸ்கனியிலும் அதே ரொட்டி இருப்பதால், ஒரு போரை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தவில்லை. உப்பின் அருமையும், உப்பிட்ட இறைச்சியோடு சேர்த்து உண்ணும் வழக்கமும் கூடவே காரணமாக இருக்கலாம். உப்பு விற்பனை இத்தாலிய அரசின் தனியுரிமையாக 20-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

பயணிகள் கண்ட அழகான வயல்களில் உழைத்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? டஸ்கனியின் பெரும்பாலான நிலம் ‘மெட்சட்ரியா’ முறையில், அதாவது விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு என்ற வாரத்தில் உழப்பட்டது. குன்றுகளில் வாழ்ந்தவர்களுக்கு மலைக்கொட்டை மாவே பல மாதங்களுக்கு உணவு. இறைச்சி திருநாளுக்கு மட்டும். 1869 முதல் மாவு அரைக்கும் ஒவ்வொரு ஆலையிலும் கல்லின் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்தி வரி வசூலித்தது புதிய அரசு. அதை எதிர்த்த கலவரங்களில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏழையின் ரொட்டிமீது விழுந்த அந்த வரி முற்றிலும் நீக்கப்பட்டது 1884 ஜனவரியில், அதாவது இந்தத் தம்பதியர் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான். அதே ஆண்டு நேப்பிள்ஸில் காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அக்கால ஆங்கில, அமெரிக்கப் பயண நூல்களில் விவசாயி பெரும்பாலும் படத்துக்கு அழகு சேர்ப்பவராகவே வருகிறார். பென்னெல் நூலும் இதற்கு முழு விலக்கு அல்ல. எனினும் ரயில் பயணியைப் போலன்றி, வண்டியை நிறுத்தி வழி கேட்டு, விடுதிச் சமையற்கட்டுக்கு அருகில் உட்கார்ந்து உண்டவர்கள் என்பதால், சாதாரண மனிதர்களின் பேச்சும் குணமும் அதில் கூடுதலாகவே கிடைக்கின்றன.

ரோமிலும் அதன் பின்னும்

ரோம் நகரின் முக்கிய வீதியான கோர்சோவில் கண்மூடித்தனமான வேகத்தில் வண்டி ஓட்டியதாக அவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. கெட்டி ரப்பர் சக்கரத்தில் இருவர் மிதித்து என்ன வேகம் போயிருக்க முடியும் என்று தோன்றலாம். புதிய வாகனம் எதற்கும் காவலரின் முதல் வரவேற்பு இதுதான். குளிர்கால மாலைகளை ஓவியர் எலிஹு வெடர் முதலிய நண்பர்களுடன் மலிவான உணவகங்களிலும் காபிக் கடைகளிலும் கழித்ததை எலிசபெத் 1916-இல் வெளிவந்த நினைவு நூலில் விரிவாக எழுதினார்.

பின்னர் லண்டனில் குடியேறிய அவர், ‘பால் மால் கெசட்’ இதழில் பெயர் போடாமல் பெண்கள் எழுதிவந்த ஒரு பகுதியில் உணவுக் கட்டுரைகளை எழுதினார். 1896-இல் அவை நூலாகத் தொகுக்கப்பட்டபோது ‘பெருந்தீனிக்காரியின் நாட்குறிப்பு’ என்ற துணைத்தலைப்பை அவரே சூட்டிக்கொண்டார். பெண் என்றால் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று இருந்த விக்டோரியா காலத்தில், ருசித்துச் சாப்பிடுவது ஒரு பெண்ணுக்கு இழுக்கு அல்ல, அது ஒரு கலை என்று அவர் வாதிட்டார். சமையல் குறிப்பு எழுதுவது அவர் நோக்கம் அல்ல. ஓவியத்தை விமரிசிப்பதுபோல ஓர் உணவை விமரிசித்தார். பழைய சமையல் நூல்களை ஆயிரத்துக்கும் மேல் சேர்த்தார். அவற்றில் நானூறுக்கும் மேற்பட்டவை இன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் அரிய நூல் பிரிவில் உள்ளன.

இத்தாலியப் பயண நூலின் முகப்பில் கணவர் பெயர் முதலிலும் மனைவி பெயர் அடுத்தும் உள்ளன. எழுத்து முழுவதும் மனைவியுடையது. நூலுக்குள் கணவரை அவர் ஓர் எழுத்தால் மட்டுமே சுட்டுகிறார். நூலகப் பட்டியல்களிலும் ஜோசப்பின் புகழின் நிழலிலும் எலிசபெத் நீண்ட காலம் ‘ஓவியரின் மனைவி’ என்றே இருந்தார். உணவு வரலாற்று ஆய்வாளர்கள் 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அவரைத் தனி எழுத்தாளராக மீண்டும் கவனிக்கத் தொடங்கினர்.

அவர்கள் வந்துபோன பத்தாண்டுக்குப் பின், 1894-இல் மிலான் நகரில் சைக்கிள் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஒரு சுற்றுலாச் சங்கம் தொடங்கினர். இன்றும் இயங்கும் ‘தூரிங் கிளப் இத்தாலியானோ’ அதுவே. ஊர் ஊராக எந்த ரொட்டி, எந்தப் பாலாடைக்கட்டி, எந்த ஒயின் என்று சொல்லும் நாடு தழுவிய உணவு வழிகாட்டி நூலை 1931-இல் வெளியிட்டதும் அந்தச் சங்கம்தான்.