தட்டச்சுக் கையும் பேஸ் கிட்டார் கையும்



போன மாதம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். கல்லூரியில் நண்பர்களோடு சேர்ந்து பேஸ் கிட்டார் வாசிக்கிறான். காலையில் காப்பி டம்ளரை இடது கையால் எடுத்தான். "என்னடா ஆச்சு?" என்று கேட்டேன். "வலது மணிக்கட்டு வலிக்குது தாத்தா. வாசிக்க வாசிக்கப் பழகிடும்னு சொல்றாங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தையை ஒரு காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டவன் நான். அதனால்தான் இந்த வாத்தியத்தின் கதையைத் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

இளையராஜா பாடல்களில் குரலுக்கும் வயலினுக்கும் அடியில் கனமாக ஓர் ஒலி நடந்து போகுமே, அதுதான் பேஸ் கிட்டார். பொதுவாக நான்கு தடித்த தந்திகள். இடது கை சுரத்தைப் பிடிக்கும், வலது கை தந்தியைச் சுண்டும். பேரனுக்கு வலி அந்தச் சுண்டும் கையில்.

இதன் மூதாதை டபுள் பேஸ் என்கிற ஆளுயர வாத்தியம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அது 'கோந்த்ருபாஸ்'. ஜாஸ் குழுவில் டிரம்பெட்டும் டிரம்ஸும் முழங்கும்போது இதன் ஒலி கேட்க வேண்டுமானால் தந்தியை முழு பலத்தோடு இழுத்துவிட வேண்டும். பலம்தான் அங்கே வித்தை.

1951-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரைச் சேர்ந்த லியோ ஃபெண்டர், மின்சார பேஸ் கிட்டார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவருக்கு முன்பே 1930-களில் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் என்பவர் இப்படி ஒன்றைச் செய்தார், ஆனால் அது பரவவில்லை. ஃபெண்டரின் கிட்டாரில் நம் வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் இருந்ததால் சுரம் பிசகாமல் நிற்கும். அதனால்தான் 'ப்ரிசிஷன் பேஸ்' என்று பெயர் வைத்தார். ஒலியைப் பெருக்கும் வேலையை ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்ளும். விரலுக்கு இனி பலம் வேண்டாம்.

ஆனால் எப்படிச் சுண்டுவது? அதைச் சொல்லித்தர குரு யாரும் இல்லை. வாத்தியமே புதிது. மெல்லிய தந்திக்குக் கீழ்ப்புறம் ஒரு சின்னக் கட்டையைப் பொருத்திக் கொடுத்தார்கள். நான்கு விரல்களாலும் அதைப் பிடித்துக்கொண்டு கட்டை விரலால் சுண்டலாம் என்பது எண்ணம். வாசித்தவர்களோ ஆளுக்கொரு வழியில் போனார்கள். விரல்களால் சுண்டுகிறவர்கள் பெருகியபின், எழுபதுகளில் கம்பெனிக்காரர்களே அந்தக் கட்டையை மேல்புறம் மாற்றி, கட்டை விரல் சாய்ந்துகொள்ளும் இடமாக்கிவிட்டார்கள்!

டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் கம்பெனியின் பாட்டுகளுக்கு வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். டபுள் பேஸிலிருந்து வந்தவர். ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் சுண்டுவார். அந்த விரலுக்கே 'கொக்கி' என்று பட்டப்பெயர். ஹாலிவுட்டில் கரோல் கே என்ற அம்மையார் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1963-இல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வராமல் போக, அதைக் கையில் எடுத்தார். கிட்டாருக்குப் பழகிய பிளாஸ்டிக் வில்லையாலேயே வாசித்தார். லாரி கிரஹாம் தன் தாயாரோடு வாசித்தபோது குழுவில் டிரம்ஸ் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கக் கட்டை விரலால் தந்தியை அடித்தும் மற்ற விரலால் இழுத்துவிட்டும் தாளம் உண்டாக்கினார். மூவரும் மேதைகள். மூவரும் தங்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்ததையோ, அன்றைய தேவையையோ வைத்து வழி கண்டவர்கள். பின்னால் வந்த பிள்ளைகள் அந்த வேகத்தையும் பலத்தையும் பார்த்தார்கள், கை இருந்த நிலையைப் பார்க்கவில்லை.

வலி அங்கே தொடங்குகிறது. விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து ஒன்பது தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியாக விரல்களுக்குப் போகின்றன. அதே வழியில் ஒரு நரம்பும் போகிறது. கிட்டாரைத் தொடை வரை தொங்கவிட்டு, முன்கையை அதன் விளிம்பில் அழுத்தி, விரலைத் தந்தி மேல் இறக்கினால் மணிக்கட்டு ஏறக்குறைய செங்குத்தாக மடங்கிவிடும். மடங்கிய வழியில் பலமாகச் சுண்டச் சுண்ட நெரிசல் கூடும். நரம்பு நசுங்கும்.

இது வாத்தியக்காரர்களுக்கு மட்டும் வரும் நோயல்ல. 1700-இல் இத்தாலிய மருத்துவர் ரமாசினி தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் 1713 பதிப்பில் எழுத்தர்களும் இருக்கிறார்கள். ஓயாமல் எழுதி வலது கை செயலிழந்து, இடது கைக்கு மாற, அதுவும் கெட்டுப்போன ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். குமாஸ்தாவான எனக்கு அது யாரோ ஒருவர் கதையாகத் தோன்றவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தட்டச்சு இயந்திரம். அசலுக்கு அடியில் கார்பன் வைத்து நான்கு நகல். கடைசி நகலிலும் எழுத்து விழ வேண்டுமானால் குத்தித்தான் அடிக்க வேண்டும். பிறகு கணினி வந்தது. தொட்டாலே எழுத்து விழும். நானோ பழையபடியே குத்தினேன். இயந்திரம் மாறிவிட்டது, கை மாறவில்லை. இரவில் விரல்கள் மரத்தன. 'பழகிவிடும்' என்று வருடக்கணக்கில் விட்டுவிட்டேன். கடைசியில் அறுவை சிகிச்சை. இன்றும் சட்டைப் பொத்தான் போட வீட்டுக்காரியைத்தான் கூப்பிடுகிறேன்.

பேரனை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். பெல்ட்டைச் சுருக்கி, உட்கார்ந்தாலும் நின்றாலும் கிட்டார் ஒரே உயரத்தில் இருக்கும்படி செய்தோம். முன்கையை விளிம்பில் அழுத்தாமல் மணிக்கட்டை நேராக வைத்தான். கட்டை விரலை ஓரிடத்தில் ஊன்றிவிடாமல், விரல்கள் போகிற தந்திக்கு ஏற்ப அதையும் நகர்த்தினான். சுண்டிய விரல் அடுத்த தந்தியில் போய் ஓய்ந்தது. ஒலி போதவில்லை என்றால் ஆம்ப்பைக் கூட்டு, விரலைக் கூட்டாதே என்றேன். இடையிடையே ஓய்வு வேண்டும், மரத்துப்போனால் வாசிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

சின்ன வயதில் வாத்தியார் ஒருவர், பின்னாலிருந்து பேனாவை உருவினால் அது சுலபமாகக் கையை விட்டு வர வேண்டும், அவ்வளவு லேசாகப் பிடி என்பார். அறுபது வருடம் கழித்து அதன் அர்த்தம் புரிகிறது.

நேற்று பேரன் போன் செய்தான். "கை வலி குறைஞ்சிருக்கு தாத்தா. ஆம்ப்பைக் கூட்டினதுலதான் பக்கத்து ரூம்காரங்க திட்டறாங்க" என்றான்.

திட்டட்டும். திட்டு தாங்கும், நரம்பு தாங்காது.