கோபர்கைரனே வரிசை வீடுகளும் ஆற்றல் மதிப்பீட்டின் புதிய அளவுகோலும்

ஒரு வீடு ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறதா என்பதை மின்கட்டண ரசீதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. மும்பைக் கடற்கரையின் புழுக்கத்தில் இது மேலும் உண்மை. மே மாத இரவில் மின்விசிறியை மட்டும் நம்பித் தூங்கும் குடும்பம் குறைவான யூனிட்டுகளையே செலவழிக்கும். அந்தக் குறைவில் கட்டடத்தின் திறனும் இருக்கலாம், குடும்பம் தாங்கிக்கொண்ட வெக்கையும் இருக்கலாம். எது எவ்வளவு என்று ரசீது சொல்லாது. மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் வணிகக் கட்டடங்களுக்கு 2009-இல் கொண்டுவந்த நட்சத்திர மதிப்பீடு, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கில் நின்றது. அந்த அளவுகோலை அப்படியே வீடுகளுக்குப் பொருத்தினால் வறுமைக்கே முதல் மதிப்பெண் கிடைக்கும்.

இந்தக் காரணத்தால், 2018 டிசம்பரில் வெளியான, குடியிருப்புகளுக்கான ஆற்றல் விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதாவை ஒரு திருப்பமாகவே கருதுகிறேன். அது நுகர்வைக் கேட்கவில்லை. சுவரும் சன்னலும் கூரையும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடுகின்றன என்று கேட்டது. கூரை நீங்கலான வெளிப்புற உறை வழியே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. கூரையின் வெப்பக் கடத்து மதிப்பு 1.2-க்குள் இருக்க வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் திறக்கக்கூடிய சன்னல் பரப்பு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

கேள்வி சரியானது. ஆனால் அதை எந்த வீட்டிடம் கேட்கிறார்கள்? 500 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான மனைகளில் எழும் புதிய குடியிருப்புகளுக்கே 2018-இல் இவ்விதி வகுக்கப்பட்டது. 1970-இல் தொடங்கப்பட்ட அரசு நகர வளர்ச்சி நிறுவனமான சிட்கோ நவி மும்பையை உருவாக்கியபோது, கோபர்கைரனேயில் மாத்தாடி எனப்படும் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கும் சிறு மனைகளில் வரிசை வீடுகள் அமைந்தன. பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிரும் இந்த வீடுகள் விதியின் எல்லைக்கு வெகு கீழே நிற்கின்றன.

எல்லையைத் தளர்த்தி இவ்வீடுகளையும் உள்ளே கொண்டுவந்தாலும் சிக்கல் தீராது. 25 சதுர மீட்டர் தரைப்பரப்பும் மூன்றரை மீட்டர் முகப்பும் கொண்ட ஒரு தரைத்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். திறப்பு 4.2 சதுர மீட்டர் வேண்டும். மும்பை முழுக்கக் காணப்படும் அலுமினிய ஸ்லைடிங் சன்னலில் ஒரு பாதிதான் திறக்கும் என்பதால், சன்னல் 8.3 சதுர மீட்டருக்கு வைத்தாக வேண்டும். முன்சுவரும் பின்சுவரும் சேர்ந்தே ஏறத்தாழ 21 சதுர மீட்டர்தான். அதில் ஐந்தில் இரண்டு பங்கு கண்ணாடியானால் வெயில் உள்ளே கொட்டும். உறைக் கணக்கில் மிகப் பெரிய குணகம், 65.21, கண்ணாடி வழி நுழையும் சூரிய வெப்பத்துக்கே உரியது. சன்னலுக்கு மேல் அகலமான சஜ்ஜாவும் (வெயில் மறைப்பும்) முழுதும் திறக்கும் கீல் சன்னலும் இல்லாமல் இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றுவது கடினம்.

இன்னொன்றும் உண்டு. தரைத்தள வாசற்கதவையும் கொல்லைக் கதவையும் காற்றுத் திறப்பாக விதி எண்ணுவதில்லை. இரவில் அவை மூடியிருக்கும் என்பது நியாயமான காரணம். ஆயினும் இங்கும் தாராவியிலும் பகல் முழுவதும் காற்று வருவது திறந்து கிடக்கும் வாசல் வழியாகத்தான். அந்த வாசலை இழப்பது என்ன செய்யும் என்பதற்கு மும்பையிலேயே சான்று இருக்கிறது. ரமித் தேப்நாத், ரோனிதா பர்தன், மின்னா சுனிக்கா-பிளாங்க் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, குடிசைப் பகுதியிலிருந்து அடுக்குமாடிக்குப் பெயர்ந்த குடும்பங்கள் மின்சாதனங்களை வாங்குவதில் வருமானம் சாராத காரணங்களுக்கும் பங்குண்டு என்று காட்டியது: கட்டட அமைப்பும், வாசலில் நடந்த வேலைகள் அறைக்குள் அடைபட்டதும் அவற்றில் அடங்கும்.

கூரையைப் பற்றிய கணக்கே எனக்கு மிகவும் கவலை தருகிறது. வெறும் கான்கிரீட் தளத்தின் கடத்து மதிப்பு 3-ஐத் தாண்டும். தகரக் கூரை அதைவிட மோசம். கடத்து மதிப்போ தளத்தின் நிறத்தைப் பார்ப்பதில்லை. மொட்டை மாடியில் வெள்ளையடித்தாலும் வெள்ளை ஓடு பதித்தாலும் அந்த எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். சிறு வீட்டுக்காரர் தன் கைக்காசில் செய்யக்கூடிய முதல் வேலை அதுதான். தெலங்கானாவோ 2023-இல் இப்படி வெயிலை எதிரொளிக்கும் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. மேலும், தளம் பகலில் குடித்த வெப்பத்தை இரவில், ஆட்கள் தூங்கும் நேரத்தில், கீழே விடுகிறது. சராசரி எண்ணில் இந்த நேரக் கணக்கு மறைந்துபோகும். பிரிட்டன் தன் வீட்டு மதிப்பீட்டை மாதக் கணக்கிலிருந்து அரைமணிக் கணக்குக்கு மாற்றும் மாதிரியை 2023 டிசம்பரில் கருத்துக்கேட்புக்கு வைத்தது. அவர்கள் தேடுவது குளிர்காலக் கதகதப்பை. நமக்கு வேண்டியது, இரவு பத்து முதல் காலை ஆறு வரை அறை எத்தனை மணி நேரம் தாங்கத்தக்க வெப்பநிலையில் இருந்தது என்ற எண்.

சட்டம் இதற்கு வழி விட்டிருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட ஆற்றல் சேமிப்புச் சட்டம் குடியிருப்புகளையும் கட்டட விதிக்குள் கொண்டுவந்தது. அச்சட்டம் வைத்த 100 கிலோவாட் இணைப்புச் சுமை என்ற வரம்பு வரிசை வீட்டுக்கு எட்டாத உயரம்தான். ஆனால் அந்த வரம்பைக் குறைக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. மகாராஷ்டிரம் அதைப் பயன்படுத்தி, சிறு மனைகளில் புதுப்பித்துக் கட்டப்படும் வீடுகளுக்குக் கூரையின் எதிரொளிப்பையும் இரவு வெப்ப நேரத்தையும் மட்டும் கேட்கும் எளிய படிவம் ஒன்றை, கட்டட அனுமதி தரும் நவி மும்பை மாநகராட்சி வழியே தொடங்கலாம்.