பட்டாளத்துக்காரர் கவுன்சிலர் ஆக முடியுமா? புதுச்சேரியில் உள்ள சிக்கல்கள்

புதுச்சேரி:

ராணுவத்தில் இருந்து ரிட்டயர்டு ஆகி ஊர் திரும்பியவர், சொந்த வார்டில் கவுன்சிலருக்கு நிற்க ஆசைப்படுவது ஒன்றும் புதுசு இல்லை. கட்டுப்பாடு, நேரந்தவறாமை, தேசபக்தி என்று பேசுவார். லஞ்சம் வாங்க மாட்டார் என்று தெருவில் நாலு பேர் நம்புவார்கள்.

ஆனால் புதுச்சேரியில் இந்த ஆசைக்கு ரெண்டு பெரிய முட்டுக்கட்டை இருக்கு. ஒண்ணு பாஸ்போர்ட். இன்னொண்ணு தேர்தலே நடக்காதது.

சித்தானந்த சுவாமி கோவில் இருக்கும் கருவடிக்குப்பத்தையே எடுத்துக்கொள்வோம். இது உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட பகுதி. இங்கே ஒருவர் இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்த 'சொல்தா' என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு பேருமே பென்ஷன் வாங்குறவங்க, ரெண்டு பேருக்கும் ஒரே குப்பைத்தொட்டி, ஒரே தெருவிளக்கு. ஆனா கவுன்சிலர் நாற்காலி விஷயத்தில் ரெண்டு பேருடைய நிலைமையும் வேற வேற.

சொல்தா நிலைமை

'சொல்தா' என்பது சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சு சொல். புதுவையில் அது தமிழாகவே ஆகிவிட்டது. முதல் உலகப்போர், இரண்டாம் உலகப்போர், இந்தோசீனா சண்டை என்று பிரெஞ்சுக் கொடியின் கீழ் போன புதுவைக்காரர்கள் ஏராளம். கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச்சின்னத்தில் ஜூலை 14, நவம்பர் 11 தேதிகளில் பதக்கம் மாட்டிய பெரியவர்கள் அணிவகுத்து நிற்பது இவர்கள் வழி வந்த வழக்கம்தான்.

பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ந்தேதி நடைமுறையில் முடிந்தது. சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ந்தேதி. அந்த நாளில் இருந்து 6 மாதத்துக்குள் 'நான் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர் ஆனார்கள். எழுதிக் கொடுக்காதவர்கள் தானாகவே இந்தியர் ஆனார்கள். அதனால்தான் ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியன் என்கிற கதை இங்கே சகஜம்.

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இங்கே ஓட்டுப் போட முடியாது, தேர்தலிலும் நிற்க முடியாது. வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை எனப்படும் ஓ.சி.ஐ. அட்டை வாங்கினாலும் இந்த உரிமை வராது. பிறந்தது, வளர்ந்தது, வீட்டுவரி கட்டுவது எல்லாம் கருவடிக்குப்பத்தில் என்றாலும் இதுதான் சட்டம்.

வேடிக்கை என்னன்னா, அதே சொல்தா பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தலில் புதுச்சேரியில் இருந்தபடியே ஓட்டுப் போடலாம். 2022 ஏப்ரலில் நடந்த ஜனாதிபதி தேர்தலில் புதுவையில் உள்ள பிரெஞ்சு துணைத் தூதரகத்தின் பட்டியலில் சுமார் 4,500 வாக்காளர்கள் இருந்தார்கள். 2012-ல் இருந்து பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு எம்.பி.யும் தேர்ந்தெடுக்கிறார்கள். ரஷ்யா முதல் ஆஸ்திரேலியா வரை விரிந்து கிடக்கும் ஒரே தொகுதியில் புதுவையும் ஒரு மூலை! முதல் தேர்தலில் ஜெயித்தவர் வலதுசாரி கட்சியான யு.எம்.பி.யைச் சேர்ந்த தியரி மரியானி.

கவுன்சிலர் ஆசை தீர பிரெஞ்சுக் குடிமக்களுக்கு ஒரு வழியும் உண்டு. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்காகவே துணைத் தூதரக அளவில் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை 2014-ல் வந்தது, 2021-ல் மறுபடி தேர்தல் நடந்தது. ஆனால் அந்தக் கவுன்சிலரால் தெருவிளக்கு போட முடியாது. பென்ஷன், பள்ளிக்கூட உதவித்தொகை, தூதரக வேலைகள் பற்றி பேசலாம், அவ்வளவுதான்.

ஹவில்தார் நிலைமை

இந்திய ராணுவத்தில் இருந்து வந்தவருக்கு சட்டத்தில் தடை எதுவும் இல்லை. பணியில் இருக்கும்போது அரசியல் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது, அதற்கு ராணுவச் சட்டத்திலேயே கட்டுப்பாடு உண்டு. ரிட்டயர்டு ஆகிவிட்டால் அவரும் நம்மைப்போல ஒரு குடிமகன். பென்ஷன் வாங்குவது 'ஆதாயம் தரும் பதவி' ஆகாது. ஊழலுக்காக அரசு வேலையில் இருந்து டிஸ்மிஸ் ஆனவர்களுக்கு 5 ஆண்டு தடை இருக்கு.

வயதும் பிரச்சினை இல்லை. உள்ளாட்சிக்கு 21 வயது போதும். சிப்பாய்க்கு 15 ஆண்டு சர்வீஸ் முடிந்தாலே பென்ஷன் உண்டு. ஆகவே 35, 40 வயதில் திடகாத்திரமாக ஊர் திரும்புகிறார்கள். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் பேரைத்தான் வைத்துக்கொள்வோம் என்றார்கள். அப்படி வெளியே வருகிறவர்கள் கவுன்சிலருக்கு நிற்கும் வயதிலேயே வருவார்கள்.

ஆனா நிற்க தேர்தல் வேணுமே!

புதுச்சேரியில் உள்ளாட்சி தேர்தல் 1968-ல் நடந்தது. அதற்குப் பிறகு 38 ஆண்டு கழித்து 2006-ல்தான் அடுத்த தேர்தல். அந்த ஆண்டு பாதி வரை கவர்னராக இருந்தவரே ஒரு ராணுவ ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல் லக்கேரா. 2006-ல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. மறு தேர்தல் உரிய நேரத்தில் வரவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2018-ல் வார்டு வரையறையை முடித்து தேர்தல் நடத்தும்படி உத்தரவும் வந்தது.

2021 செப்டம்பரில் ஒருவழியாக தேர்தல் அறிவித்தார்கள். 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, கிராமப் பஞ்சாயத்துகள் எல்லாம் சேர்த்து 1,149 பதவிகள். சுழற்சி முறையிலும் இட ஒதுக்கீட்டிலும் குளறுபடி என்று சென்னை ஐகோர்ட்டுக்கு வழக்கு போனது. அறிவிப்பை வாபஸ் வாங்கி, மறுபடி தேதி கொடுத்தார்கள். அதுவும் நின்றுபோனது. போஸ்டர் அடித்து வைத்தவர்களுக்கு செலவுதான் மிச்சம்.

கவுன்சிலர் இல்லாத நகராட்சியில் ஆணையர்தான் எல்லாமே. குப்பை அள்ளுவது, பிறப்பு - இறப்பு சான்றிதழ், வீட்டுவரி, கருவடிக்குப்பம் சுடுகாட்டைப் பராமரிப்பது என எதுவானாலும் மனு எழுதி ஆபீசுக்குத்தான் அலைய வேண்டும். எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் கூட்டம் கூடுவதும் இதனால்தான். எம்.எல்.ஏ.க்களுக்கு இது சவுகரியம் என்று ஊரில் ஒரு பேச்சு இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

மேர் இல்லாத 'மேரி'

இத்தனைக்கும் உள்ளாட்சி தேர்தலில் புதுவை ரொம்ப மூத்த ஊர். 1880-லேயே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே நகரசபைகளைக் கொண்டுவந்தார்கள். தலைவருக்கு 'மேர்' என்று பெயர். 1884-ல் ஐரோப்பியர் தனி, சொந்த சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' தனி, மற்றவர்கள் தனி என்று மூன்று வாக்காளர் பட்டியல் போட்டார்கள். பழைய ஆசாரம் மாறக்கூடாது என்ற கட்சிக்கு சண்முக வேலாயுத முதலியார் தலைவர். ரெனோன்சான்களை எதிர்த்து அரசியல் செய்து, அந்தக் காலத்து புதுவையையே கைக்குள் வைத்திருந்தார்.

கவுன்சிலர் பதவியின் மதிப்பு தெரிய வேண்டுமானால் கீழூரை நினைத்தால் போதும். 1954 அக்டோபர் 18-ந்தேதி இந்தியாவோடு சேரலாமா வேண்டாமா என்று அங்கே ஓட்டுப் போட்டவர்கள் பொதுமக்கள் இல்லை. பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரசபை கவுன்சிலர்களும்தான். மொத்தம் 178 பேர். சேரலாம் என்றவர்கள் 170, வேண்டாம் என்றவர்கள் 8. ஆக, நாடு மாறியதே பெரும்பாலும் கவுன்சிலர்கள் போட்ட ஓட்டில்தான்.

கடற்கரையில் மேர் உட்கார்ந்திருந்த 'மேரி' கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. சுமார் ரூ.15 கோடியில் அதேபோல மறுபடி கட்டி, 2021 பிப்ரவரி 25-ந்தேதி பிரதமர் மோடி திறந்து வைத்தார். கட்டடம் பளபளன்னு வந்துடுச்சு. அதே ஆண்டில்தான் தேர்தல் அறிவிப்பு ரெண்டு தடவை வந்து ரெண்டு தடவையும் போனது.

பதக்கம் ஓட்டு வாங்குமா?

ராணுவப் பெயர் மட்டுமே ஜெயிக்க வைக்காது என்பதற்கு பெரிய உதாரணம் கரியப்பா. இந்திய ராணுவத்தின் முதல் இந்திய தலைமைத் தளபதி. 1971-ல் பம்பாய் வடகிழக்கு தொகுதியில் சுயேச்சையாக நின்றார், சிவசேனா ஆதரவு கொடுத்தது. இந்திரா அலையில் தோற்றார். பா.ஜ.க.வின் மேஜர் ஜெனரல் கந்தூரி உத்தரகாண்ட் முதல்வராக இருந்தபடியே 2012-ல் கோட்வார் தொகுதியில் தோற்றார். அதே கட்சியின் ஜெனரல் வி.கே.சிங் 2014-ல் காசியாபாத்தில் அமோகமாக ஜெயித்தார். அலை எந்தப் பக்கம் அடிக்கிறது, பின்னால் எந்தக் கட்சி நிற்கிறது என்பதுதான் கணக்கு.

வார்டு தேர்தலில் இது இன்னும் அதிகம். அங்கே சாதி, சொந்தபந்தம், கல்யாணம் - கருமாதிக்கு வந்தாரா என்பதெல்லாம் பார்ப்பார்கள். 15 வருஷம் காஷ்மீரிலும் அசாமிலும் இருந்தவருக்கு இந்த இடத்தில்தான் அடி விழும்.

தேர்தலில் நிற்காமலே ஊரை மாற்றிய பட்டாளத்துக்காரரும் உண்டு. மகாராஷ்டிராவின் அன்னா ஹசாரே ராணுவ டிரைவராக இருந்து 1975-ல் ராலேகான் சித்தி கிராமத்துக்குத் திரும்பினார். மழைநீர் சேமிப்பு, மதுவிலக்கு என்று ஊரையே மாற்றினார். குடித்தவர்களைக் கம்பத்தில் கட்டி அடித்தது கடும் விமர்சனத்துக்கும் ஆளானது. புதுச்சேரியில் மதுவிலக்கு பேசி ஓட்டு கேட்பவரை ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கேன்டீன் சரக்கு வாங்கும் மாஜி வீரர்களே முதலில் முறைப்பார்கள்!

யூனிபார்ம் போஸ்டர்

இன்னொரு விஷயத்தில் கவனம் வேண்டும். பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு போஸ்டர்களில் ராணுவ வீரர் படங்கள் வந்ததால், பிரசாரத்தில் ராணுவத்தினர் படத்தை கட்சிகளும் வேட்பாளர்களும் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் கமிஷன் 2019 மார்ச்சில் மறுபடி அறிவுறுத்தியது. 2013 டிசம்பரிலும் இதையே சொல்லியிருந்தது. உள்ளாட்சி தேர்தலை நடத்துவது தனியாக உள்ள மாநில தேர்தல் ஆணையம். அதன் நடத்தை விதிகளைப் பார்க்காமல் பழைய யூனிபார்ம் போட்டோவை பிளக்சில் போட்டால் புகார் வர வாய்ப்பு உண்டு.

நிற்க நினைக்கும் மாஜி வீரர் முதலில் செய்ய வேண்டியது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. பணியில் இருந்தபோது சர்வீஸ் வாக்காளராகப் பதிந்தவர்கள், திரும்பி வந்ததும் பொதுப் பட்டியலில் பெயர் சேர்க்க மறந்துவிடுவது உண்டு. அடுத்து, வார்டு எல்லை. 2006-ல் இருந்த வார்டுகள் மறுவரையறையில் மாறிவிட்டதால், பழைய நம்பரை வைத்துக்கொண்டு வேலை செய்தால் பக்கத்து வார்டுக்காரரிடம் ஓட்டு கேட்ட கதை ஆகிவிடும்.